கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள் தேதியைச் சொல்லியே பேசுவது ஏன்?

கேள்வி இதுதான்: "என் அலுவலகத்தில் அறுபது வயதைத் தாண்டிய அமெரிக்கர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். கிரேட்ஃபுல் டெட் என்கிற பழைய ராக் குழுவைப் பற்றி ஆரம்பித்தால் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். ஆனால் பாட்டுப் பெயரைவிட 'ஐந்து எட்டு எழுபத்தேழு', 'எட்டு இருபத்தேழு எழுபத்திரண்டு' என்று தேதிகள்தான் அதிகம் காதில் விழுகின்றன. நானும் இரண்டு ஆல்பம் கேட்டுப் பார்த்தேன், சுமாராகத்தான் இருந்தது. நேரில் பார்த்ததில் அப்படி என்ன இருந்தது?"

ஆல்பம் சுமார் என்று அவர்களிடமே தைரியமாகச் சொல்லலாம். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பெரும்பாலும் ஆமோதிப்பார்கள். 1965 முதல் 1995 வரை முப்பது வருடம் இயங்கிய குழு இது. அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான்: 1987-இல் வந்த 'டச் ஆஃப் கிரே'. அதற்கு முன்பே அரங்கங்கள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார்கள். ஒரு கச்சேரியில் வந்த பாட்டு வரிசை அடுத்ததில் அப்படியே வராது. அன்றைக்கு என்ன வாசிப்போம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிற வழக்கமும் இல்லை. அதனால் நேற்று பார்த்தவர் இன்றைக்கும் போவதில் அர்த்தம் இருந்தது. ஊர் ஊராகப் பின்னால் போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். டெட்ஹெட் என்று பெயர் வாங்கியவர்கள் இவர்கள்தான்.

ஒரே பாட்டு 1969-இல் ஒரு மாதிரி, 1972-இல் வேறு மாதிரி, 1977-இல் இன்னொரு மாதிரி இருக்கும். 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டு இசைத்தட்டில் மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மேடையில் அரை மணி நேரம் ஓடும், எங்கே போய் முடியும் என்று வாசிக்கிறவர்களுக்கே தெரியாது. அப்படிப்பட்ட பாட்டின் பெயரை மட்டும் சொன்னால் எதிராளிக்கு ஒன்றும் புரியாது. எந்த ராத்திரி என்று சொன்னால்தான் பேச்சு நகரும்.

ஒரு ராத்திரி எப்படிப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் இரண்டு பகுதி. முதல் பகுதியில் சின்னச் சின்னப் பாட்டுகள். இடைவேளை. இரண்டாம் பகுதியில் ஒரு பாட்டு முடியாமலேயே அடுத்ததற்குள் நழுவும். பிற்காலத்தில், நடுவில் மற்றவர்கள் எல்லோரும் இறங்கிப் போய்விட பில் குரூட்ஸ்மனும் மிக்கி ஹார்ட்டும் மட்டும் தாளம் வாசிப்பார்கள். பிறகு கிதார்க்காரர்கள் வந்து தாளமே இல்லாமல் ஒலிகளோடு விளையாடுவார்கள். இந்த இரண்டு கட்டத்துக்கும் 'டிரம்ஸ்', 'ஸ்பேஸ்' என்றே பெயர். இதற்காகவே காத்திருந்தவர்கள் உண்டு, இதுதான் சமயம் என்று கழிவறைக்குக் கிளம்பியவர்களும் உண்டு. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீன் பக்கம் எழுந்து போகும் நம் சபா கூட்டம்தான்.

இந்த மிக்கி ஹார்ட்டுக்கும் நம் பக்கத்துக்கும் நிஜமான தொடர்பே உண்டு. அறுபதுகளின் கடைசியில் தபலா மேதை அல்லா ரக்கா அவரை மிகவும் பாதித்தார். அந்தக் காலத்தில் குழு பதினோரு எண்ணிக்கைத் தாளத்தில் ஒரு பாட்டு வைத்திருந்தது, பெயரே 'தி இலெவன்'. பிறகு ஜாகிர் உசேன் அவருக்கு வாழ்நாள் கூட்டாளியானார். 1991-இல் ஹார்ட் வெளியிட்ட 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். உலக இசைக்கான கிராமி விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அந்த ஆல்பத்துக்குத்தான் போனது. அலுவலக நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள், உங்கள் மதிப்பு சட்டென்று ஏறிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த ரசிகர்களின் நினைவுப் பேச்சு மற்ற குழுக்களின் ரசிகர்கள் பேசுவதைப் போல் இருக்காது. காரணம், டேப். மற்ற குழுக்கள் அரங்கில் ரெக்கார்டரைக் கண்டால் பிடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். வாசித்து முடித்தாயிற்று, இனி அது கேட்டவர்களுடையது என்பது கிதார்க்காரர் ஜெர்ரி கார்சியாவின் எண்ணம். எண்பதுகளில் மைக் கம்பங்கள் காடாக வளர்ந்து, ஒலிக்கட்டுப்பாட்டு மேசைக்கு முன்னால் மறைக்க ஆரம்பித்தன. உடனே தடை போடவில்லை. 1984 அக்டோபரில் பெர்க்லியில் தொடங்கி, மேசைக்குப் பின்னால் பதிவு செய்பவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கி, அதற்குத் தனி டிக்கெட்டும் விற்றார்கள்.

அந்த டேப்புகளைக் காசுக்கு விற்பது பெரும் பாவம். மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொள்ள உங்களிடம் ஒன்றுமில்லை என்றால் காலி கேசட்டும் திரும்பி வருவதற்கான தபால் தலையும் அனுப்பினால் போதும், முகம் தெரியாத ஒருவர் பதிவு செய்து அனுப்புவார். தொண்ணூறு நிமிட மேக்ஸெல் கேசட், அட்டையில் பொடி எழுத்தில் ஊர், தேதி, பாட்டு வரிசை. ஒரு பாட்டு நிற்காமல் அடுத்ததற்குள் போனால் நடுவே ஒரு அம்புக்குறி. பிரதியிலிருந்து பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் கூடும். அதனால் "இது எத்தனையாவது தலைமுறை?" என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் நண்பர்கள் வீட்டில் ஷூ டப்பா நிறைய இந்தக் கேசட்டுகள் இன்னும் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இதனால் என்ன ஆயிற்று என்றால், ஒருவர் தன் இருபது வயது நினைவை எடுத்துவிடும்போது எதிரில் இருப்பவர் "இருங்க, டேப் அப்படிச் சொல்லலையே" என்று மடக்க முடியும். அன்றைக்கு உயிரையே உருக்கிய கச்சேரி டேப்பில் சாதாரணமாக இருக்கும். தலைவலியோடு பாதியில் கிளம்பிய கச்சேரி பின்னாளில் பொக்கிஷம் என்று பெயர் எடுக்கும். என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொல்வதும் நிஜம். இசை எப்படி இருந்தது என்பதற்கு டேப் சாட்சி, ராத்திரி எப்படி இருந்தது என்பதற்கு ஆள்தான் சாட்சி.

உங்கள் நண்பர்கள் சொல்லும் 'ஐந்து எட்டு எழுபத்தேழு' இதற்கு நல்ல உதாரணம். 1977 மே 8, நியூயார்க் மாநிலம் இத்தாக்காவில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால். முதலில் ராணுவப் பயிற்சிக்கென்று கட்டிய பெரிய கொட்டகை அது. மே மாதத்தில் அன்றைக்குப் பனி பெய்தது. போனவர்கள் முதலில் சொல்வது அந்தப் பனியைத்தான். எங்கே கேட்டாலும் இதுவே சிறந்த கச்சேரி என்பார்கள். 2011-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இதைச் சேர்த்தது. அதிகாரபூர்வமாக 2017-இல்தான் வெளியானது, அதற்குள் வேண்டியவர்கள் எல்லோரிடமும் பிரதி இருந்தது.

சிறந்ததா என்றால், அந்த மே மாதத்தில் கிட்டத்தட்ட எல்லாக் கச்சேரியும் அருமை. கார்னெலுக்கு இவ்வளவு பெயர் வந்ததற்குப் பாதிக் காரணம் பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளர். அவர் எடுத்த பதிவுகளில் ஒவ்வொரு வாத்தியமும் பக்கத்து அறையில் வாசிப்பதுபோல் தனித்தனியாகத் தெரியும். அவர் சேமிப்புக் கிடங்கில் வைத்திருந்த டேப்புகள் வாடகை பாக்கியால் 1986-இல் ஏலத்தில் போயின. வாங்கியவர்களிடமிருந்து பிரதிகள் கிளம்பி நாடெங்கும் பரவின. இரைச்சல் கேசட்டுகளையே கேட்டுப் பழகியவர்களுக்குத் திடீரென்று இப்படி ஒன்று கிடைத்தால் அது சிறந்த கச்சேரி ஆகாமல் என்ன செய்யும்? இதைச் சொன்னால் உங்கள் நண்பர்களில் ஒருவர் சண்டைக்கு வரலாம். அன்றைக்கு 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' அடுத்த பாட்டுக்குள் வழுக்கிப் போகிற அந்தச் சில நிமிடங்களைப் போட்டுக் காட்டுவார். அதைக் கேட்டபின் எதிர்த்துப் பேசுவது கஷ்டம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு தேதி, 1972 ஆகஸ்ட் 27, ஓரிகன் மாநிலம் வெனீட்டா. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எழுத்தாளர் கென் கீசியின் தம்பி சக் கீசி நடத்திய ஸ்பிரிங்ஃபீல்ட் கிரீமரி என்ற பால் பண்ணை நிறுவனம் கடனில் தத்தளித்தது. அதைக் காப்பாற்ற நன்கொடைக் கச்சேரி. டிக்கெட்டை அந்த நிறுவனத்தின் லேபிள் தாளிலேயே அச்சடித்தார்கள். வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியது. மேடையைத் திசை பார்க்காமல் கட்டியதில் மாலை வெயில் நேராகக் குழுவின் முகத்தில் அடித்தது, கிதார் தந்திகள் சூட்டில் சுருதி கலைந்துகொண்டே இருந்தன. மேடைக்குப் பின்னால் ஒரு கம்பத்தின் உச்சியில் பொட்டுத் துணியில்லாமல் ஒரு ஆள் ஆடிக்கொண்டே இருந்ததைப் படம்பிடித்த பிரதியில் இன்றும் பார்க்கலாம். போனவர்களுக்கு நினைவிருப்பது தாகம், தூசி, எரிகிற தோல். டேப்பில் இருப்பது வேறு: சூரியன் சாய்கிற நேரத்தில் அரை மணி நேர 'டார்க் ஸ்டார்', கார்சியாவின் கிதார் முன்னே போக ஃபில் லெஷின் பேஸ் கிதார் துரத்திக்கொண்டே வருகிறது. பால் பண்ணை பிழைத்துக்கொண்டது, இன்றைக்கும் தயிர் விற்கிறது.

எகிப்து இதற்கு நேர் எதிர். 1978 செப்டம்பர் 14, 15, 16 மூன்று ராத்திரியும் கீசாவில் ஸ்பிங்க்ஸ் பக்கத்தில் வாசித்தார்கள். கடைசி நாள் முழுச் சந்திர கிரகணம். பாலைவன விளிம்பில் ஒட்டகத்தில் வந்து நின்று கேட்டவர்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து கிளம்பிப் போனவர்களில் கூடைப்பந்து நட்சத்திரம் பில் வால்டனும் ஒருவர். போனவர்களிடம் கேட்டால் கண்ணில் நீர் வரப் பேசுவார்கள். ஆனால் இசை? குரூட்ஸ்மனுக்கு மணிக்கட்டு முறிந்து ஒரு கையால் வாசித்தார். பியானோ சுருதி விலகியிருந்தது. பிரமிடின் உள்ளறையை எதிரொலிக்குப் பயன்படுத்தலாம் என்று கம்பி இழுத்துப் பார்த்தார்கள், அதுவும் சரிவரவில்லை. பயணச் செலவை ஈடுகட்ட ஆல்பம் போடுவதாகத்தான் திட்டம். பதிவைக் கேட்டபின் குழுவே வேண்டாம் என்று மூட்டை கட்டி வைத்தது. முப்பது வருடம் கழித்து 2008-இல்தான் அதிலிருந்து ஒரு தொகுப்பு வந்தது. 1969-இல் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவிலும் அவர்கள் மோசமாகத்தான் வாசித்தார்கள். மழையில் நனைந்த மேடையில் மைக்கைத் தொட்டாலே ஷாக் அடித்தது.

டேப்பால் பிடிக்கவே முடியாத ஒன்றும் உண்டு. 1974-இல் மட்டும் அவர்கள் தூக்கிக்கொண்டு திரிந்த ஒலிபெருக்கிச் சுவர். 'வால் ஆஃப் சவுண்ட்' என்பார்கள். சுமார் 600 ஒலிபெருக்கிகள், மூன்று மாடி உயரம், மொத்தச் சுமை சுமார் 75 டன். வழக்கமாக ஒலிபெருக்கிகள் மேடையின் இரு ஓரத்தில் இருக்கும், வாசிப்பவர்களுக்கென்று தரையில் தனியாகச் சில இருக்கும். இங்கே எல்லாம் குழுவின் முதுகுக்குப் பின்னால். வாசிப்பவர் கேட்பதுதான் கூட்டமும் கேட்கும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி அடுக்கு, குரலுக்குத் தனி அடுக்கு. லெஷின் பேஸில் ஒவ்வொரு தந்தியையும் தனித்தனி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பவும் வழி இருந்தது.

பின்னாலிருந்து வருகிற சத்தம் மைக்கில் புகுந்து ஊளையிடுமே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு எளிய தந்திரம். ஒவ்வொரு பாடகருக்கும் மேலும் கீழுமாக இரண்டு மைக். ஒன்றின் இணைப்பை மற்றதற்குத் தலைகீழாகக் கொடுத்திருப்பார்கள். பாடகர் வாயை ஒட்டிப் பாடுவது ஒரு மைக்கில் மட்டும்தான். சுவரிலிருந்து வருவது இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்து, ஒன்றையொன்று கழித்துக்கொண்டு காணாமல் போகும். அந்த வருடத்துப் புகைப்படங்களில் இரட்டை மைக்கைப் பார்த்தால் இனி உங்களுக்கும் தெரிந்துவிடும். இந்தச் சுவரின் பின்னணி மூளையான ஆவ்ஸ்லி ஸ்டான்லி அறுபதுகளில் எல்எஸ்டி தயாரித்துப் புகழும் சிறையும் கண்டவர். போதைப்பொருளைச் சொல்லாமல் இந்தக் குழுவின் கதையைச் சொல்ல முடியாது. "எனக்குப் பாதிதான் ஞாபகம்" என்று உங்கள் நண்பர்கள் சிரித்தால் அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

அந்தச் சுவரை நேரில் கேட்டவர்கள் 'சத்தம்' என்று சொல்ல மாட்டார்கள், 'தெளிவு' என்பார்கள். கடைசி வரிசையிலும் தந்தியில் விரல் படுவது கேட்கும். கட்டி முடிக்க ரொம்ப நேரம் பிடித்ததால் இரண்டு செட் மேடை மாறி மாறி அடுத்த ஊருக்கு முன்னால் போகும். கட்டுப்படியாகுமா? 1974 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்டில் ஐந்து ராத்திரி வாசித்துவிட்டுச் சுற்றுப்பயணத்தையே நிறுத்தினார்கள். 1976-இல் திரும்பி வந்தபோது சுவர் வரவில்லை.

பேச்சில் அடிக்கடி வருகிற இன்னொன்று அரங்குக்கு வெளியே நடந்தது. கார் நிறுத்துமிடம் மதியத்திலிருந்தே சந்தையாகிவிடும். சாயம் கட்டிய சட்டை, சூடான சீஸ் சாண்ட்விச், கேசட் பரிமாற்றம். டிக்கெட் இல்லாதவர் ஒற்றை விரலைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடப்பார். யாராவது ஒருவர் கையில் இருக்கிற உபரி டிக்கெட்டைச் சும்மா கொடுத்துவிட்டுப் போவார், அதற்கு 'அதிசயம்' என்று பெயர். தபாலில் டிக்கெட் வாங்குகிறவர்கள் மணி ஆர்டரோடு அனுப்பும் உறையின் மேல் மண்டையோடும் ரோஜாவும் வரைந்து அனுப்புவார்கள். படம் நன்றாக இருந்தால் டிக்கெட் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. உள்ளே காது கேளாதவர்களுக்கென்று சைகை மொழிபெயர்ப்பாளரோடு ஒரு பகுதி இருந்தது. அவர்கள் ஊதிய பலூனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதன் அதிர்வில் இசையைக் கேட்டார்கள். இடைவேளையில் இன்னொரு மூலையில் மஞ்சள் பலூன்களைப் பார்க்கலாம். குடியையும் போதையையும் விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற இடம் அது. இசையை விடவும் மனமில்லை, பழக்கத்துக்குத் திரும்பவும் கூடாது.

வின்டர்லேண்ட் அரங்கம் மூடப்பட்டது 1978 டிசம்பர் 31 ராத்திரி. 1974 அக்டோபர் கச்சேரிகளுக்குப் பிறகு அதுவரை நான்கு வருடத்தில் 'டார்க் ஸ்டார்' அந்த ஊரில் ஒருமுறைகூட வரவில்லை. ரசிகர்கள் ஒரு பேனர் கட்டினார்கள்: சான் பிரான்சிஸ்கோவில் கடைசி டார்க் ஸ்டாருக்குப் பிறகு 1,535 நாட்கள். கணக்கு சரி, 1974 அக்டோபர் 18-லிருந்து எண்ணிப் பாருங்கள். அன்றைக்கு வாசித்தார்கள். விடிகிற நேரத்தில் கச்சேரி முடிந்ததும் அமைப்பாளர் பில் கிரஹாம் வந்திருந்த எல்லோருக்கும் காலைச் சிற்றுண்டி போட்டார்.

எல்லா நினைவும் இனிப்பு இல்லை. 1986-இல் கார்சியா நீரிழிவால் கோமாவில் விழுந்தார். எழுந்தபின் கிதாரைக் கிட்டத்தட்ட முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. டிசம்பர் 15 ஓக்லண்டில் திரும்பி வந்தபோது முதல் பாட்டே 'டச் ஆஃப் கிரே'. பிழைத்துக்கொள்வேன் என்று அவர் பாடிய வரிக்கு அரங்கமே அழுதது என்பார்கள். அடுத்த வருடம் அதே பாட்டு ஹிட்டானது, பாட்டுக்காக இல்லாமல் கார் நிறுத்துமிடக் கொண்டாட்டத்துக்காகவே ஒரு புதுக்கூட்டம் வந்தது. 1995 ஜூலை 2 இண்டியானாவின் டீர் கிரீக்கில் ஆயிரக்கணக்கானோர் வேலியை உடைத்து உள்ளே பாய்ந்தார்கள். கார்சியாவுக்குக் கொலை மிரட்டல் வந்திருந்ததால் அன்று அரங்க விளக்குகளை அணைக்கவே இல்லை. மறுநாள் கச்சேரி ரத்து. ஜூலை 9 சிகாகோ சோல்ஜர் ஃபீல்டில் கடைசிக் கச்சேரி, ஆகஸ்ட் 9 அவர் இறந்தார், வயது 53. அந்தக் கோடையைப் பற்றி உங்கள் நண்பர்கள் வாயைத் திறக்காவிட்டால் கிளறாதீர்கள்.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது? ஆல்பத்தை ஒதுக்கிவையுங்கள். இன்டர்நெட் ஆர்கைவில் ஆயிரக்கணக்கான கச்சேரிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் கார்னெல், அப்புறம் வெனீட்டா. மூன்றாவதாக 1989 அக்டோபர் 9, வர்ஜீனியாவின் ஹாம்ப்டன். கூட்டத்தைக் குறைக்கத் தங்கள் சொந்தப் பெயரைப் போடாமல், 'முன்னாள் வார்லாக்ஸ்' என்று, 1965-இல் வைத்திருந்த பழைய பெயரில் விளம்பரம் செய்த கச்சேரி. ஐந்து வருடமாக வாசிக்காத 'டார்க் ஸ்டார்' அன்றைக்குத் திரும்பி வந்தது. இதை மட்டும் ஒலிமேசையிலிருந்து எடுத்த சுத்தமான பதிவில் கேட்காதீர்கள், கூட்டத்துக்கு நடுவிலிருந்து ரசிகர்கள் எடுத்த டேப்பாகத் தேடுங்கள். முதல் சில ஸ்வரங்கள் வந்ததும் எழுகிற கூச்சலில் கிதாரே கொஞ்ச நேரம் அமுங்கிப்போகும்.